இரண்டு அடுப்பு, ஒரே குழம்பு

பூதலூர் வட்டாரத்தில் ரேஷன் கார்டு கேட்டு மனுப் போட்டு அலைந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கார்டுக்காக நாத்தனாரோடு சண்டை போடப் பழகிப் பார்த்தவள் லின்சி ஒருத்தியாகத்தான் இருக்கும். பழகிப் பார்த்தாளே தவிர, வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உன் மூஞ்சியப் பாத்தாலே..." என்று ஆரம்பித்தவள், அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

எதிரே நின்ற ஃபிளோரா, "சொல்லுங்க அண்ணி, பாத்தாலே என்ன வருது?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த குழந்தைராஜ், "விளங்கிரும்" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் படுத்தான். வேகமாகத் திரும்ப அவன் இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

குழந்தைராஜ் லின்சியின் புருஷன். ஃபிளோரா அவனுடைய தங்கை. நன்னிலம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் ஆண்டனி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும், அங்கே இருக்க வழியில்லாமல் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் போட்ட சார்ப்பு. அந்தச் சார்ப்பில் முன்பு மாடு நின்றது. மாட்டை விற்றுவிட்டுத் தரைக்கு சிமெண்ட் பூசி, ஃபிளோராவுக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்திருந்தார்கள்.

வந்த நாளிலிருந்து ஃபிளோராவை லின்சி அடுப்பங்கரைப் பக்கமே விட்டதில்லை. நாத்தனார் வேலைக்குப் போய்விட்டு வந்தால் தட்டில் சோறு இருக்கும். காய் நறுக்க உட்கார்ந்தால் அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொள்வாள். "நீ உக்காரு. நீ செஞ்சதுக்கு நான் காலம் பூரா செய்யணும்" என்பாள். தெருவில் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நாத்தனார்களும் உண்டு, எரிச்சல்பட்ட அண்ணிகளும் உண்டு.

ஃபிளோரா அப்படி என்ன செய்துவிட்டாள்? லின்சிக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது உண்டானபோது, தண்ணீர்க்குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்காதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போய்ப் படுக்க அம்மா வீடு இல்லை. அம்மா செத்து, அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். ஃபிளோராவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாமியாரிடம் வசவு வாங்கிக்கொண்டு, நன்னிலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பிள்ளை பிறக்கும்வரை இங்கேயே இருந்தாள். துணி துவைத்தாள், தலை வாரிவிட்டாள், எதைத் தின்றாலும் வாந்தியெடுத்த அண்ணிக்கு விதவிதமாகச் சமைத்துப் பார்த்தாள். பிள்ளை முழுசாகப் பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அதன் குரல் கேட்கும்போதெல்லாம் லின்சிக்கு நாத்தனார் ஞாபகம் வரும்.

சோறு போடுவது சரி, அரிசி வேண்டுமே. கார்டில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர். சாப்பிடுகிறவர்கள் ஏழு பேர். குழந்தைராஜ் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். தை மாதம், சம்பா அறுவடை மும்முரத்தில், நாலு காசு பார்க்க வேண்டிய நேரத்தில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. மற்ற வருஷம் அரிசி தீர்ந்தால் கடையில் வாங்கிச் சமாளிப்பார்கள். இந்த வருஷம் அதுவும் முடியவில்லை. வாசல் வழியாக லாரி லாரியாக நெல் போகும். உள்ளே லின்சி அரிசிப் பானையின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் இரண்டு பேரும் இ-சேவை மையத்துக்குப் போனார்கள். அதை நடத்துகிற பரணிதரன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"அண்ணன் கார்டுல தங்கச்சியச் சேக்க முடியாதுக்கா. கல்யாணம் ஆயிட்டா அவங்க தனிக் குடும்பம்."

"அப்ப தனிக் கார்டு வாங்கிக் குடு தம்பி" என்றாள் லின்சி.

"தனிக் கார்டுன்னா தனி அடுப்பு இருக்கணும். ஆபீஸ்லேருந்து வந்து பாப்பாங்க. ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம்னு எழுதிருவாங்க."

"சேக்கச் சொன்னா தனிக் குடும்பம்ங்குற. தனியாக் கேட்டா ஒரே குடும்பம்ங்குற. அவ எந்தக் குடும்பந்தான் தம்பி?"

"நான் சொல்லலைக்கா. விதி அப்படி" என்று பரணிதரன் கையை விரித்தான்.

அந்த விதியிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே உலையில் பொங்கித் தின்றுகொண்டு மூன்று கார்டு வாங்கி, அரிசியை மூட்டையோடு விற்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்காக விரித்த வலையில் அவர்கள் சிக்கினார்களோ இல்லையோ, ஃபிளோரா சிக்கிக்கொண்டாள். எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று எந்த அதிகாரிதான் எதிர்பார்ப்பார்?

மனுப் போட்டாயிற்று. சார்ப்பின் மூலையில் மண் அடுப்பு ஒன்றும் போட்டாயிற்று. புது அடுப்பு புதிதாகத் தெரியக் கூடாதென்று, காய்ந்த தென்னமட்டையைக் கொளுத்திச் சுவரில் கரி ஏற்றினாள் லின்சி. தன் சமையல்கட்டிலிருந்து ஒரு குண்டான், இரண்டு கரண்டி, உப்பு ஜாடி, பழைய அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "பத்து வருஷமா சமைக்கிற மாதிரி இல்ல?" என்று பெருமைப்பட்டாள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அன்று காலை ஃபிளோராவே அந்த அடுப்பில் சமைத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் உளுந்துக் கொல்லைக்கு வெயிலுக்கு முன்னால் வரச் சொல்லிவிட்டார்கள். அவசர அவசரமாக விறகை எடுத்தவளை லின்சி தடுத்துவிட்டாள். "வேலைக்குப் போறவ எதுக்குப் பொகையில கெடந்து சாவுற? நான் வைக்கிற குழம்புல பாதிய உன் குண்டான்ல ஊத்தி வச்சிட்டாப் போச்சு. வந்தவங்க என்ன அடுப்பையா எண்ணுவாங்க, குழம்பையா எண்ணுவாங்க?"

வந்தவர் குழம்பைத்தான் எண்ணினார்.

கமருன்னிஸா என்று பெயர். ஐம்பதைத் தொடுகிற வயது, அதட்டாத குரல். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, லின்சி கொடுத்த காப்பியில் பாதியைக் குடித்து, நேரே சார்ப்புக்குப் போனார். சுவரில் கரி இருந்தது. உப்பு ஜாடி இருந்தது. குண்டானின் மூடியைத் தூக்கினார். முருங்கைக்காய் காரக்குழம்பு. தலையாட்டிக்கொண்டே வந்து, லின்சியின் சமையல்கட்டில் இருந்த குண்டானின் மூடியையும் தூக்கினார்.

"இங்கயும் முருங்கக்காயா?"

"ஒரே மரத்துக் காய் மேடம்" என்றாள் லின்சி.

"மரம் ஒண்ணு, சரி. துண்டும் ஒரே அளவா இருக்கே?"

கமருன்னிஸா மறுபடி சார்ப்புக்குப் போய் அடுப்பின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். "குழம்பு சுடுது. அடுப்பு ஜில்லுன்னு இருக்கு." பிறகு குண்டானைச் சற்றே சாய்த்து, அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரைப் படித்தார். கல்யாணச் சீராக வந்த பாத்திரம் அது. 'லின்சி - குழந்தைராஜ்' என்று இரண்டு பெயரையும் பாத்திரக் கடைக்காரர் பூப் போட்டு வெட்டிக் கொடுத்திருந்தார்.

கட்டிலிலிருந்து குழந்தைராஜ், "தங்கச்சிக்குக் குடுத்தது மேடம்" என்றான். அவன் குரல் அவனுக்கே நம்பிக்கையாக இல்லை.

கமருன்னிஸா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ரெண்டு அடுப்பு, ஒரே குழம்பு. நான் என்னன்னு எழுதுறது, சொல்லுங்க? உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா பாக்காதத பாத்தேன்னு எழுதினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். தள்ளுபடின்னும் எழுதல. நோன்பு மாசத்துல இன்னொரு தடவ வர்றேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். அப்பவும் இப்படித்தான் இருந்தா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லின்சிக்கு அழுகையாக வந்தது. நாத்தனாருக்குக் கிடைக்க வேண்டிய கார்டைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தங்கம்மாள் விஷயத்தைக் கேட்டு, செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் வீட்டில் போன வருஷம்தான் மருமகளுக்குத் தனிக் கார்டு கிடைத்திருந்தது. "எங்க வீட்டுக்கு ஆபீசர் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் வெளக்குமாத்தோட நின்னுட்டு இருந்தோம். வாசப்படிகூட ஏறல அவரு. நின்ன எடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டாரு. நீங்களும் நாலு வார்த்த திட்டிக்குங்கடி" என்று வழி சொல்லிக் கொடுத்தாள். அந்த யோசனையின்படிதான் சண்டை பழகப் போய், "உன் மூஞ்சியப் பாத்தாலே" என்பதற்கு மேல் வராமல் நின்றது.

சிரித்து ஓய்ந்த பிறகு ஃபிளோரா மெல்லச் சொன்னாள். "நடிக்க வேணாம் அண்ணி. நாளையிலேருந்து நெசமாவே நான் சமைக்கிறேன்."

"அவங்க வர்ற அன்னிக்குத்தானே?"

"தெனமும்."

லின்சியின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா என் கையால சாப்பிட்டது கசந்துபோச்சா?"

"கசக்கல அண்ணி. எனக்கும் கை இருக்குல்ல."

கார்டுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாலும், அந்தப் பதில் லின்சியைக் குத்திக்கொண்டே இருந்தது. கையா? யார் இல்லை என்றது? இத்தனை நாள் தாங்கினோமே, அதற்கு இதுதானா என்று ஒரு பக்கம். அவளுக்கு ஏதாவது குறை வைத்துவிட்டோமோ என்று இன்னொரு பக்கம். ஒரு பை அரிசியை அளந்து ஃபிளோராவிடம் கொடுத்துவிட்டு, "இனிமே உன் பக்கம் நான் வர மாட்டேன், என் பக்கம் நீ வராத. செஞ்சா ஒழுங்காச் செய்யணும்" என்று முறுக்கிக்கொண்டாள்.

முறுக்கு அவள் வாயில்தான் இருந்தது, கையில் இல்லை. அந்தக் கை ஏழு பேருக்கே உலை வைத்தது. நாலு பேருக்கு எவ்வளவு அரிசி என்று அதற்கு மறந்துபோயிருந்தது. தினமும் சோறு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அவளும் குழந்தைராஜும் பழையதாகக் குடிப்பார்கள். "ஏங்க, இன்னும் கொஞ்சம்?" என்று அவள் கேட்கும்போது குழந்தைராஜ் கும்பாவை நீட்டுவான். மிஞ்சிய சோறு ஏன் மிஞ்சுகிறது என்று அவனுக்கும் தெரியும்.

சார்ப்பிலிருந்து தாளிக்கிற சத்தம் வரும். சில நாள் பொன்னாங்கண்ணிக் கீரை வதங்குகிற மணம் வரும்; வேலைவிட்டு வரும் வழியில் வரப்பிலிருந்து ஃபிளோரா பறித்து வந்ததாக இருக்கும். லின்சி கொடுத்த அரிசி தீர்ந்ததும் அவள் மறுபடி கேட்கவில்லை. உளுந்து பறித்த கூலியில் வாங்கிக்கொண்டாள். கூப்பிட்டால் எழுந்து போய்விடலாம் என்று லின்சி காத்திருப்பாள். "உன் பக்கம் வர மாட்டேன்" என்று சொன்னவளை யார் கூப்பிடுவது? ஆய்வு முடிகிறவரை எதுவும் கெட்டுவிடக் கூடாதென்று ஃபிளோராவும் பயந்துகொண்டிருந்தாள். குறுக்கே இருந்தது ஒரு செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் விடாமல் விதியைக் காப்பாற்றினார்கள்.

தவக்காலம் பாதி கடந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல உச்சி வெயிலில் கமருன்னிஸா வந்தார். தெருவெல்லாம் உளுந்துச் செடி காயப் போட்டிருந்ததால் ஸ்கூட்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். முகம் வாடியிருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்ட பிறகுதான் லின்சிக்கு உறைத்தது. "ஐயோ, நோன்பா?"

"ஆமாம்மா. பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் சார்ப்புக்குள் நுழைந்தார். லின்சியும் பின்னாலேயே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கால் வைத்து நாளாகியிருந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று கொல்லை வேலை சீக்கிரம் முடிந்ததால் ஃபிளோரா முன்னாலேயே வந்து உலையை இறக்கியிருந்தாள். மண்சட்டியில் ஏதோ கொதித்தது. பாத்திரங்கள் எல்லாம் வேறு. நன்னிலத்திலிருந்து வந்தபோது சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, இத்தனை நாளும் பிரிக்காமலே கிடந்தவை. லின்சியின் குண்டானைத் துலக்கி, துணி சுற்றி, ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கமருன்னிஸா எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "அரிசி ஏதும்மா?" என்றார்.

"கூலில வாங்குனது மேடம்" என்றாள் ஃபிளோரா.

"சட்டில என்ன?"

"மணத்தக்காளி வத்தக்குழம்பு."

கமருன்னிஸா லின்சியின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்ல இன்னிக்கு என்ன?"

லின்சி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரில் ஏறி வந்த வாசனை அவளையும் தூண்டிவிட்டிருந்தது. "நானும் அதான் வச்சேன் மேடம். வெள்ளிக்கிழமையாச்சே, வத்தல்தான் இருந்துச்சு. சத்தியமா நான் இங்கேருந்து ஊத்திக்கல, அவளும் அங்கேருந்து..."

ஃபிளோரா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் ஒரே குழம்பு. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் போயிற்று என்றுதான் இருவருமே நினைத்தார்கள்.

கமருன்னிஸா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "நான் வாய்ல வச்சுப் பாக்க முடியாது. நீங்க பாருங்க" என்றார்.

"நானா?" என்றாள் லின்சி.

"நீங்கதான். உங்க கைக்குழம்பு உங்க நாக்குக்குத் தெரியாதா? உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அத நான் போன தடவையே பாத்துட்டேன்."

லின்சி உள்ளங்கையை நீட்டினாள். ஃபிளோரா கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, அந்தக் கையில் விட்டாள். லின்சி நக்கினாள்.

முதலில் புளி. பிறகு நல்லெண்ணெயில் வறுபட்ட வத்தலின் கசப்பு. கடைசியில் மிளகும் அரிசியும் சேர்த்துக் கறுக வறுத்துக் கரகரப்பாக இடித்துப் போட்ட பொடி. அந்தப் பொடியை லின்சி போடுவதில்லை. அவளுக்கு அது தெரியாது. ஆனால் அந்த ருசியைத் தெரியும். எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாதங்களில், எதைத் தின்றாலும் குடலைப் புரட்டிய நாட்களில், இந்தக் குழம்பு ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. இதைப் பிசைந்து உருட்டி, ஃபிளோரா அவள் வாயில் வைத்து ஊட்டியிருக்கிறாள். "இன்னும் ஒரே ஒரு வாய் அண்ணி. உள்ள இருக்கிற ஆளுக்கு" என்று கெஞ்சியிருக்கிறாள்.

இந்த ருசி எப்படி மறந்தது? இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். ஒரு நாளாவது இதை அவளைச் செய்யவிட்டோமா? நீ செய்ததற்கு நான் செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, தன் உயிரையும் பிள்ளையின் உயிரையும் காப்பாற்றிய கையைக் கட்டிப்போட்டுவிட்டோமே என்று லின்சிக்கு அப்போது விளங்கியது. "எனக்கும் கை இருக்குல்ல" என்று அவள் சொன்னது இதைத்தான். லின்சி அழுதாள். அடக்கவெல்லாம் முயலவில்லை; ஓவென்று அழுதாள்.

"என்னம்மா, உங்க குழம்பா?" என்று கமருன்னிஸா மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மேடம். இது என் குழம்பு இல்ல. என்னால இப்படி வைக்கவே முடியாது. இது அவ குழம்பு."

கமருன்னிஸா சட்டிக்குப் பக்கத்தில் இருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார். "தனி அடுப்பு, தனிச் சமையல். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஃபிளோரா கும்பிட்டாள்.

அவர் தலை மறைந்ததும் லின்சி மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏண்டி, நீ ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று பாய்ந்தாள்.

"எப்படி அண்ணி சொல்றது? நீங்க அவ்வளவு ஆசையாச் செய்யுறீங்க. நீங்க இல்லன்னா நானும் பிள்ளைங்களும் எங்க போயிருப்போம்? அத நெனைக்காத நாள் இல்ல. ஆனா ஒரு நாள் சின்னவன் எங்கிட்ட, 'உனக்குச் சமைக்கத் தெரியுமாம்மா?'ன்னு கேட்டான். அன்னிக்குத்தான் மனசு என்னமோ ஆயிருச்சு."

லின்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெயும் கரியுமாக இருந்த அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சடக்கென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தட்ட எடு. எனக்குச் சோறு போடு" என்றாள்.

"அண்ணி, இப்பதான் தனிச் சமையல்னு எழுதிட்டுப் போயிருக்காங்க..."

"போனவங்க திரும்பியா வரப்போறாங்க? பசிக்குது, போடு."

ஃபிளோரா போட்டாள். சூடான சோற்றில் குழியாக்கிக் குழம்பை ஊற்றினாள். லின்சி பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில், சார்ப்பு வாசலில் நிழல் விழுந்தது. கமருன்னிஸா நின்றுகொண்டிருந்தார். மர ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

லின்சியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கமருன்னிஸா தட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், அழுது வீங்கியிருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்றார்.

வாயில் சோற்றோடு லின்சி, "விருந்துக்கு வந்திருக்கேன் மேடம்" என்றாள்.

அதைச் சொல்லும்போது அது பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை. ஃபிளோராவின் வீட்டில் ஃபிளோராவின் அடுப்பில் வெந்த சோறு. அவள் உண்மையிலேயே விருந்தாளிதான்.

கமருன்னிஸா குனிந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "விருந்தாளி வரக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல. நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நாலடி போனவர் நின்று, "அந்த மிளகு வறுத்த மணம் தெருமுனை வரைக்கும் வருதும்மா. நோன்பு நேரத்துல இப்படியா வறுக்கிறது?" என்றார். அன்றுதான் அவர் சிரித்து அவர்கள் பார்த்தார்கள்.

அந்தப் புண்ணியவதிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வரக் கூடாதென்று லின்சி அன்று சாயங்காலம் சிலுவைப்பாதை செபம் முடிந்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கூடவே, அந்தக் கிறுக்குத்தனமான விதியை எழுதியவருக்கும் ஒன்று ஏற்றினாள். அவர் மேல் அவளுக்கு இன்னமும் கோபம்தான். ஆனாலும் அவர் அப்படி எழுதியிருக்காவிட்டால் அந்த அடுப்பு எரிந்திருக்காதே.

ஈஸ்டர் கழிந்து சில வாரத்தில் ஃபிளோராவின் போனுக்குத் தகவல் வந்தது. கார்டில் குடும்பத் தலைவி என்ற இடத்தில் அவள் பெயரும் படமும் இருந்தன. படத்தில் திருதிருவென்று விழித்தாள். அதைக் காட்டிப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ரேஷன் கடையில் விரலை வைத்து, தன் பெயருக்கு அளந்த அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டு, தெரு வழியாகத் தலைநிமிர்ந்து நடந்து வந்தாள். எதிர்வீட்டுத் தங்கம்மாள், "சண்ட போடாமலே வாங்கிட்டாளே" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

வந்ததும் ஃபிளோரா பையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டு முன்வாசலுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு அழைக்கிறவளைப் போல நின்றாள்.

"அண்ணே, அண்ணி, நாளைக்கு மத்தியானம் பிள்ளைங்களோட எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துருங்க."

மறுநாள் குழந்தைராஜ் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். இடுப்பு ஓரளவு தேறியிருந்தது. சித்திரை முடிவதற்குள் வேலைக்குப் போய்விடலாம் என்றிருந்தான். வெறுங்கையோடு போகக் கூடாதென்று லின்சி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள். பின்கதவைத் திறந்தால் நாலே எட்டுதான். அப்படிப் போகாமல், நாலு பேரும் முன்வாசல் வழியாக இறங்கி, தெருவில் வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு சார்ப்புக்குப் போனார்கள்.

"வாங்கண்ணே, வாங்கண்ணி" என்று ஃபிளோரா பழத்தை வாங்கிக்கொண்டு பாயை விரித்தாள். அண்ணன் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். ரேஷன் அரிசிதான், நன்றாகக் களைந்து பக்குவமாக வடித்திருந்ததில் பூப்போல விழுந்தது. அவள் மகன் எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டி, "எங்கம்மா வச்ச குழம்பு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று பதற்றத்தில் ஃபிளோரா உப்பைக் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிட்டாள். குழந்தைராஜ் வாயைத் திறக்கப் போனான். லின்சி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, தன் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.